வளவு வீட்டில் கொத்தடிமைக் கண்காட்சி: வைக்கலாமா, வேண்டாமா?

செக்காலை_வாசி | ஜனவரி 5

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படிப்பு முடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது. சொந்த ஊர் காரைக்குடி. கூடப் படிச்ச மூணு பேரோட சேர்ந்து பிப்ரவரி 9 முதல் மூணு நாள் ஒரு கண்காட்சி வைக்கிறதா இருக்கோம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு 1976ல் ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்த நாள் அது. அன்னிக்கு அரசு ஆபீஸ்கள்ல உறுதிமொழி எடுப்பாங்க, குரூப் போட்டோ எடுப்பாங்க, வேலையைப் பார்க்கப் போயிருவாங்க. அதுக்கு மேல ஏதாச்சும் செய்யணும்னுதான் இந்த யோசனை.

இடம் கானாடுகாத்தான். எங்க குழுவில் ஒரு தோழியோட பங்காளிகளுக்குப் பொதுவான செட்டியார் வீடு, நடுவுல தூண் வச்ச உள்முற்றம் (அதுதான் வளவு). பங்காளிகள் ஏழு புள்ளி, அதாவது ஏழு குடும்பம். ஆறு பேர் சரின்னுட்டாங்க. ஒரு பெரியவர் மட்டும் "கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி நடக்குற வீட்டுல அழுகைப் படமா?"ன்னு கேக்குறாக.

செங்கல் சூளை, கரிமூட்டம், ஸ்பின்னிங் மில் விடுதி, முறுக்குக் கம்பெனி இங்கெல்லாம் வேலை பார்த்தவங்க முகங்கள், 40 போட்டோ, ஆள் உயரத்துக்கு. வளவைச் சுத்தி மாட்டி, நடுவுல சங்கிலி போட்ட ஒரு பைபர் சிலை. என் கேள்வி ரெண்டு. இதனால நிஜமா ஏதாச்சும் நடக்குமா? அந்த வீட்டுல வைக்கிறது சரியா?


குசும்பு_குமரன் | ஜனவரி 5

படம் மாட்டி அடிமைத்தனம் ஒழிஞ்ச கதை எங்கயாச்சும் உண்டா தங்கச்சி? கானாடுகாத்தானுக்கு டூரிஸ்ட் பஸ்ல வர்ற வெள்ளைக்காரங்க ரெண்டு பேர் "ஓ"ன்னு வாயைப் பொத்திட்டு, அடுத்து ஆத்தங்குடி டைல்ஸ் பார்க்கப் போயிருவாங்க. அப்புறம் அந்தச் சங்கிலி! இப்ப எவன் சங்கிலி போடுறான்? ஆளைப் பிடிச்சு வைக்கக் கொடுக்கிற அட்வான்ஸே ஜிபேல வருது.


லினோகட் | ஜனவரி 6

குமரன், உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரிப் படம் இல்லை.

1788ல் இங்கிலாந்தில் பிளைமவுத் ஊரில் ஒரு படம் அச்சடித்தார்கள். மறு ஆண்டு லண்டனில் அதையே விரித்துப் பெரிதாக்கினார்கள். ப்ரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் தளப்படம். கட்டட மேஸ்திரி கையில் இருக்குமே, அந்த மாதிரி பிளான். அதற்குள் ஆட்களை அடுக்கி வரைந்தார்கள். ஆணுக்கு ஆறடி நீளம், 16 அங்குல அகலம். புதுச் சட்டப்படி அந்தக் கப்பல் ஏற்றலாம் என்பது 454 பேர். அதற்கு முன்னால் ஒரு பயணத்தில் 609 பேரை ஏற்றியிருந்தது. கண்ணீர், சாட்டை, சங்கிலி எதையும் பெரிதாக்கிக் காட்டவில்லை. அளவும் எண்ணிக்கையும்தான். அது விடுதிச் சுவர்களில் ஒட்டப்பட்டது, நாடாளுமன்றம் வரை போனது. 1787ல் வெட்ஜ்வுட் என்ற பீங்கான் வியாபாரி மண்டியிட்ட அடிமையின் உருவத்தைப் பதக்கமாகச் செய்து விட்டார். பெண்கள் அதைக் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்துக்கொண்டார்கள். அடிமை வியாபாரத்தை பிரிட்டன் தடை செய்தது 1807ல். கணக்குப் போட்டுப் பாருங்கள், கப்பல் படம் வந்து 19 வருஷம். மூன்று நாளில் நடக்குமா என்று கேட்டால் நடக்காது.

பெனின் நாட்டுக் கலைஞர் ரொமுவால்ட் ஹசூமே அதே கப்பல் வடிவத்தை எடுத்துக்கொண்டு, 304 பழைய பெட்ரோல் கேன்களை முகமூடிகளாக அடுக்கினார். நைஜீரியாவிலிருந்து கள்ள பெட்ரோல் சுமக்கிறவர்கள் பயன்படுத்திய கேன்கள். நேற்றைய அடிமைக் கப்பலுக்குள் இன்றைய கூலியைப் படுக்க வைத்த வேலை அது. 2007ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்தார்கள்.

நம் நாட்டிலும் ஆள் உண்டு. கொல்கத்தாவின் லீனா கேஜ்ரிவால், கடத்தப்பட்ட பெண் குழந்தைகளைக் கறுப்பு நிழலுருவங்களாக நிறுத்தினார். 2014 டெல்லி இந்தியா ஆர்ட் ஃபேரில் தொடங்கி, பிறகு பல ஊர்த் தெருச்சுவர்களில் ஸ்டென்சிலாக இறங்கியது. அந்த உருவங்களுக்கு முகமே கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

செக்காலை_வாசி, உங்கள் சங்கிலிச் சிலையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதைப் பார்க்கிறவன் "நான் யாருக்கும் சங்கிலி போடவில்லையே" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவான்.


கண்மாய்க்கரை | ஜனவரி 6

நான் இந்த வேலையில் 14 வருஷமா இருக்கேன். சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கம். அமைப்பின் பேர் வேண்டாம்.

முகம் பத்தி ஒண்ணு சொல்றேன். சில வருஷம் முன்னாடி ஒரு பெரிய ஊர்ல நடந்த கண்காட்சியில, சூளையிலேருந்து மீட்ட ஒரு அம்மா படம் வாசல்லயே இருந்துச்சு. நல்ல படம். பேப்பர்லயும் வந்துச்சு. அந்தப் பேப்பர் கட்டிங் வாட்ஸப்ல சுத்தி, ஆள் பிடிக்கிற மேஸ்திரி கைக்குப் போய், "கலெக்டராபீஸ்ல நீ சொன்னதை மாத்திச் சொல்லு"ன்னு வீட்டு வாசல்ல வந்து நின்னான். வழக்கு இன்னும் முடியாத நேரம். படம் எடுத்தவர் நல்ல மனுஷன், கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. அந்த அம்மாகிட்ட கையெழுத்துகூட வாங்கியிருந்தார். ஆனா கையெழுத்துப் போட்டுப் போட்டே சிக்கினவங்ககிட்ட இன்னொரு கையெழுத்து வாங்கிட்டு, சம்மதம் வாங்கியாச்சுன்னு சொல்லிக்க முடியுமா?

அதனால 40 முகம் வேண்டாம். ஒண்ணுகூட வேண்டாம்னு சொல்லுவேன்.

இடம் பத்தி. அந்த முகப்பைத் தாண்டி உள்ளே வர எங்க சனங்க கூசுவாங்க. ஏன்னு இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அட்வான்ஸ் வாங்குற சனம் உள்ளே வராத இடத்துல அட்வான்ஸ் பத்திப் படம் மாட்டி யாருக்குக் காட்டப்போறீங்க?


பெட்டியடி | ஜனவரி 7

எதுத்துப் பேசுன பெரியவர் நான்தான். பேரன் இந்த இழையைக் காட்டுனான். பேரனே டைப் அடிக்கிறான், நான் சொல்லச் சொல்ல.

ஆத்தா, நீ நல்ல புள்ள. உன் எண்ணத்துல குறை சொல்லலை. ஆனா அந்த வீடு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? எங்க ஐயா பன்னெண்டு வயசுல பெட்டியடிப் பையனா, அதான் வட்டிக்கடை எடுபிடியா, பினாங்குக்குக் கொண்டுவிக்கப் போனவுக. அடுத்தாளாகி, மேலாளாகி, அப்புறம் சொந்தமா மார்க்கா போட்டுத் தனிக்கடை வச்சாக. மூணு வருஷக் கெடு. சம்பளத்துல ஒரு பகுதி முன்னாடியே வீட்டுக்கு வந்துரும், இடையில ஊர் திரும்ப முடியாது. கல்யாணமாகி மூணாம் மாசம் கப்பலேறி, முதப் புள்ள முகத்தை அது நடக்கையிலதான் பாத்தாக. அப்ப எங்க ஐயாவும் கொத்தடிமையா? கடன் கொடுத்தவன்னாலே அடிமை வச்சவன்னு ஒரு பார்வை இப்ப வந்துருச்சு. எங்க வளவுல போயி அந்தப் படத்தை மாட்டுனா, பாக்குறவுக என்ன நினைப்பாக? இந்தத் தேக்குத் தூணெல்லாம் அந்தக் காசுதான்னு நினைக்க மாட்டாகளா?

இன்னொண்ணு. சுவர் முட்டை வெள்ளைக்கரு சேத்த பூச்சு. ஒரு ஆணி விழுந்தாலும் சம்மதிக்க மாட்டேன்.


கோவிலூர்_கொடி | ஜனவரி 7

ஐயா, மரியாதையோட கேக்குறேன். தேக்கு பர்மாவிலேருந்து வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூத்துக்கு 6 பங்கு. 1937, 38ல் 25 பங்கு. இடையில நடந்தது விலை வீழ்ச்சி. கடன் கட்ட முடியாத பர்மாக்காரன் நிலத்தை விட்டான். இதைச் சொல்லாம அந்த வீட்டுல கண்காட்சி எப்படி?


பெட்டியடி | ஜனவரி 7

சொல்லுங்க, நான் மறைக்கலை. நிலத்தை எழுதி வாங்குனது உண்மை. அந்த நிலமும் 42ல் ஜப்பான்காரன் வந்ததும், அப்புறம் அவுக சுதந்திரம் வாங்குனதும் போச்சு, அதுவும் உண்மை. ஆனா நிலத்தை எழுதி வாங்குறதும் ஆளை எழுதி வாங்குறதும் ஒண்ணு இல்லை. பேரேட்டுல ஒவ்வொருத்தனுக்கும் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். அரையணா கட்டுனாலும் வரவு ஏறும். வரவு எழுதாத கடைக்கு மறுநாள் எவன் வருவான்?


மாவுக்கை | ஜனவரி 8

நான் ரொம்ப நாளா வாசிக்கிறேன், எழுதுனது இல்ல.

நான் முறுக்குக் கம்பெனில இருந்தவன். பதிமூணு வயசு. ஊரு மதுரைக்கு மேக்க. கம்பெனி மகாராஷ்டிராவுல. எங்கப்பா வாங்குனது 15,000. மாசம் 2,000, சாப்பாடு அவங்களுதுன்னு பேச்சு. ஒன்றரை வருசம் இருந்தேன். காலைல நாலு மணிக்கு மாவு, ராத்திரி பத்துக்குப் பாக்கெட். வெளிய விடமாட்டாங்க. அக்கா கல்யாணத்துக்கு வரணும்னு அழுதப்ப மொதலாளி நோட்டை எடுத்துக் காட்டுனாரு. டிரெயின் டிக்கெட் பற்று, காச்சல் ஊசி பற்று, உடைஞ்ச ஜாரு பற்று, சாப்பாடும் பற்று. இன்னும் 9,000 நிக்குதுன்னாரு. நான் எட்டாப்பு வரைக்கும் படிச்சவன், கூட்டத் தெரியும். ஆனா அந்த நோட்டுல கூட்டுறதுக்கு ஒரு பக்கந்தான் இருந்துச்சு.

பெரியவர் வரவுன்னு சொன்னதும் அதான் ஞாபகம் வந்துச்சு.

படத்துல என் மூஞ்சி இருந்தா நான் வரமாட்டேன். என் பொண்டாட்டிக்கே பாதிதான் சொல்லிருக்கேன். நாங்க படுத்த ரூம் வேணும்னா அளவு சொல்றேன். பத்துக்குப் பன்னெண்டு. அதுல அடுப்பு எண்ணெய் டின்னு ஒரு மூலை. மிச்சத்துல பதினோரு பேரு.


லினோகட் | ஜனவரி 8

தம்பி, நன்றி. வேறு சொல்லத் தெரியவில்லை.

செக்காலை_வாசி, உங்கள் ப்ரூக்ஸ் கப்பல் கிடைத்துவிட்டது. பத்துக்குப் பன்னிரண்டு.


அபுதாபி_ரிட்டன் | ஜனவரி 9

நானும் ஒரு விஷயம் சொல்லணும். நான் தேவகோட்டை. 2009லேருந்து ஆறு வருஷம் அங்க கட்டட வேலை. போன அன்னிக்கே கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிச்சு. ஏஜெண்டுக்குக் கட்டுன காசை அடைக்கவே ஒன்றரை வருஷம் ஆச்சு. அபுதாபியோட சாதியாத் தீவுல மியூசியம் கட்டப்போறாங்கன்னு அப்பவே பேச்சு.

அப்புறம்தான் தெரிஞ்சது, அந்த மியூசியத்துக்காகக் கலைஞர்களே சண்டை போட்டாங்கன்னு. 2011ல் 130க்கு மேற்பட்ட கலைஞர்கள், தொழிலாளிகளோட நிலைமை சரியாகுற வரைக்கும் குகன்ஹைம் அபுதாபிங்கிற அந்த மியூசியத்துக்கு எங்க படைப்பைத் தரமாட்டோம்னு கையெழுத்துப் போட்டாங்க. கல்ஃப் லேபர்னு அந்தக் கூட்டணிக்குப் பேரு. பாஸ்போர்ட் பிடிச்சு வைக்கிறது, ஏஜெண்ட் கடன் எல்லாத்தையும் எழுதிப்போட்டாங்க. நம்ம நாட்டு அசோக் சுகுமாரனும் அதுல ஒருத்தர். 2015ல் அவருக்கு விசா மறுத்துட்டாங்க, லெபனான்காரர் வாலித் ராதை ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க.

கண்காட்சி வச்சுப் போராடுறது ஒரு வகை. இது வைக்கமாட்டேன்னு போராடுறது. உங்களுக்கு ஸ்பான்சர் யாருன்னு முதல்ல பாருங்க தங்கச்சி. மில்லுக்காரங்க பேனர் வாசல்ல தொங்கிட்டு உள்ள மில் விடுதிப் படம் தொங்கக்கூடாது.


செக்காலை_வாசி | ஜனவரி 9

அண்ணே, ஒரு ஜவுளிக்கடை 25,000 தர்றதாச் சொல்லியிருந்தாங்க. துணிக்கு நூல் எந்த மில்லுன்னு கேட்டேன். அவங்களுக்கே தெரியலை. வேண்டாம்னு சொல்லிட்டோம். செலவைக் குறைச்சுக்கிறோம்.


லினோகட் | ஜனவரி 9

பணம் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே வைப்பதும் ஒரு வழிதான். 2014ல் நியூயார்க்கில் இடிக்கப்போகிற பழைய டோமினோ சர்க்கரை ஆலைக்குள் காரா வாக்கர் என்ற கறுப்பினக் கலைஞர், வெள்ளைச் சர்க்கரை பூசிய பிரம்மாண்டமான பெண் உருவம் ஒன்றைப் படுக்க வைத்தார். கரும்புத் தோட்ட அடிமைகளுக்காக. சர்க்கரையைக் கொடுத்தது அதே கம்பெனி. ஆயிரக்கணக்கில் கூட்டம். அதில் ஒரு பகுதி அந்த உருவத்தின் மார்பைப் பிடிப்பது போல் செல்ஃபி எடுத்துப் போட்டது. எவ்வளவு பெரிதாகச் செய்தாலும் அதுவும் நடக்கும். ஆகவே உருவம் வேண்டாம் என்பதில் நான் இன்னும் கொஞ்சம் உறுதியாகிவிட்டேன்.


கண்மாய்க்கரை | ஜனவரி 10

தம்பி மாவுக்கை எழுதினதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் யோசிச்சேன். அந்த நோட்டைத்தான் மாட்டணும்.

சட்டம் சொல்றது இதுதான். 1976 சட்டத்தின் 6வது பிரிவுப்படி கொத்தடிமைக் கடன் முழுசும் செத்துப்போச்சு. ஒரு ரூபா திருப்பிக் கட்ட வேண்டாம், வசூலிக்க வழக்கும் போட முடியாது. 15வது பிரிவு இன்னும் முக்கியம். இது கொத்தடிமைக் கடன் இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பு கடன் கொடுத்தவனோடது, வாங்கினவனோடது இல்லை. நோட்டை அவன்தான் கொண்டுவந்து காட்டணும். 1982ல் ஆசிய விளையாட்டு வேலைகள் பத்தின வழக்குல உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்தாலே அது அரசியல் சாசனத்தோட 23வது பிரிவு சொல்ற கட்டாய வேலைதான்னு சொல்லிருச்சு. இது சனங்களுக்கும் தெரியாது, அட்வான்ஸ் கொடுக்கிறவங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் பயம் கம்மி. தண்டனை மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருந்தாலும், அபராதம் இன்னும் 2,000 ரூபாய்தான்!

கொத்தடிமையிலேருந்து விடுவிச்சாச்சுன்னு அதிகாரி கொடுக்கிற விடுதலைச் சான்றிதழ் கையில இருந்தா மறுவாழ்வுக்கு ஆம்பளைக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கடத்தல் மாதிரி மோசமான நிலைமைன்னா 3 லட்சம். உடனடி உதவி 30,000 வரைக்கும். சான்றிதழ் இல்லாம மீட்டு வந்த பிள்ளைகள் பல பேரு மறுபடி அதே ஏஜெண்ட் வண்டியில ஏறினதைப் பார்த்திருக்கேன். கானாடுகாத்தான், காரைக்குடி எல்லாம் தேவகோட்டை வருவாய்க் கோட்டம். யாருகிட்ட மனு கொடுக்கணும்னு ஒரு துண்டுச்சீட்டு, பெரிய எழுத்துல. படம் எத்தனைன்னு எனக்குக் கவலை இல்லை, அந்தச் சீட்டு இருக்கணும்.


பெட்டியடி | ஜனவரி 11

அந்தத் தம்பி கணக்கை நேத்து ராத்திரி எழுதிப் பாத்தேன்.

பேச்சு மாசம் 2,000, பதினெட்டு மாசம். வரவு 36,000. பற்று அவுக அப்பா வாங்குன 15,000. சாப்பாடு மொதலாளி பொறுப்புன்னு பேசுனபிறகு அதைப் பற்றுல ஏத்த ஞாயம் கிடையாது. ஜாரு உடைஞ்சது கடைச் சேதாரம். டிக்கெட், ஊசிக் காசைக் கழிச்சாலும் அந்தப் பையன் 9,000 தரணுங்கிறது பொய். அவனுக்கு வரவேண்டியது ஏறக்குறைய 21,000. இந்தக் கணக்கை எங்க ஐயாகிட்டக் கொண்டுபோய்க் காட்டியிருந்தா எழுதுனவனைப் படியிறக்கியிருப்பாக.

பேரேடு எழுதத் தெரிஞ்ச கை இப்ப ஊருக்கு ரெண்டோ மூணோ மிச்சம். என் கை நடுங்குது, ஆனாலும் எழுத்து நிக்கும். ஒரு பக்கம் அவன் நோட்டு, பக்கத்துல முறையா எழுதுன ஐந்தொகை, அதான் வரவும் பற்றும் வச்ச மொத்தக் கணக்கு. நான் எழுதித் தர்றேன். உள்வளவுல வேண்டாம், முகப்புத் திண்ணையில வைங்க. தெருவுல போறவுக செருப்பைக் கழட்டாமப் பாக்கட்டும். ஆணி மட்டும் கூடாது. தூணுக்குத் தூண் கயிறு கட்டிக்கங்க.


கண்மாய்க்கரை | ஜனவரி 11

ஐயா, கணக்கு சரி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்குங்க. அந்த 2,000ங்கிற பேச்சே செல்லாது. பதிமூணு வயசுப் பையனை வேலைக்கு வச்சதே குற்றம். உங்க ஐந்தொகையில அதுக்கு எந்தப் பக்கம் இடம்?


பெட்டியடி | ஜனவரி 11

அதுக்குப் பக்கம் இல்லை ஆத்தா. கீழ ஒரு வரி குறிப்பா எழுதுறேன்.


குசும்பு_குமரன் | ஜனவரி 11

சரி, நான் வாயை மூடிக்கிறேன். துண்டுச்சீட்டு அடிக்கிற செலவு என்னோடது. 2,000 போதுமா?


நிர்வாகி | ஜனவரி 12

இந்த இழையில் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். ஒரு மில்லின் பெயரும் ஒரு ஏஜெண்டின் போன் நம்பரும் இருந்தன. புகார் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, அல்லது கோட்டாட்சியர் அலுவலகம். இங்கே வேண்டாம்.


செக்காலை_வாசி | பிப்ரவரி 13

முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சு, இப்பதான் உட்கார முடியுது.

40 போட்டோவையும் விட்டுட்டோம். திண்ணையில ஏழு கணக்கு. சூளை, கரிமூட்டம், மில், முறுக்கு, ஆட்டுக்கிடை, வளைகுடா ரெண்டு. ஒவ்வொண்ணும் ஜோடி. இடது பக்கம் அவங்க ஞாபகத்துலேருந்து சொன்ன மொதலாளி நோட்டு, வலது பக்கம் ஐயா கையெழுத்துல ஐந்தொகை. வாசல்ல பத்துக்குப் பன்னெண்டு கட்டம் போட்டு, அதுக்குள்ள பதினோரு உருவத்தைக் கோலமாவுல வரைஞ்சோம். ஒல்லியா வரைஞ்சும் பத்தாவது ஆளுக்கே இடம் தட்டுச்சு. மாவுக்கை அண்ணன் பின்னாடி தனியாச் சொன்னாரு, ஒருத்தன் எப்பவும் உட்கார்ந்தே தூங்குவானாம்.

டூரிஸ்ட் வந்தாங்க, போட்டோ எடுத்தாங்க, போனாங்க. ரெண்டாம் நாள் சாயங்காலம் சூளைக்கு ஆள் அனுப்புற ஒருத்தர் வந்து ஒவ்வொரு கணக்கா நின்னு படிச்சாரு. "இதுல மழை நாள் கூலி எழுதலை"ன்னு ஐயாகிட்டச் சண்டைக்கு வந்தாரு. மழை நாள்ல வெளிய போக விட்டியான்னு ஐயா கேட்டாக. பதில் சொல்லாமப் போயிட்டாரு. மூணாம் நாள் எல்லாத்தையும் அவிழ்த்துச் சந்தைப்பேட்டையில ஒரு டீக்கடை ஓரமாக் கட்டினோம். அங்கதான் சீட்டு தீர்ந்துச்சு. வளவு வீட்டுல போன சீட்டு நூறுகூட இருக்காது. கண்மாய்க்கரை அக்கா சொன்னதுதான் சரி, முதல் நாளே சந்தைக்குப் போயிருக்கணும்.

இன்னொரு விஷயம். ரெண்டாம் நாள் விடியக்காலை வந்து பார்த்தா கோலம் இல்லை. வழக்கம்போல வாசல் தெளிச்சுக் கூட்டிட்டாங்க. அந்த வீட்டைப் பார்த்துக்கிற அக்காதான். எங்க தோழிக்குக் கோவம். அந்த அக்கா "தெரியாமச் செஞ்சுட்டேன் ஆச்சி"ன்னு சொல்லிட்டு, நாங்க திரும்ப வரையுற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தாங்க. கோலத்துல இருக்கிற ஆளுங்களை எண்ணிக்கிட்டே இருந்தாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. சாயங்காலம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, அவங்க தங்கச்சி மகனைப் புயல் வந்த வருஷத்துக்கு அப்புறம் ஆடு மேய்க்கக் கிடைக்கு விட்டதாகவும், இப்ப எந்த ஊர்க் காட்டுல இருக்கான்னு தெரியலைன்னும், அதையும் ஐயா எழுதித் தருவாகளான்னும் கேட்டாங்க.


கண்மாய்க்கரை | பிப்ரவரி 13

ஊர் பேரு, பையன் பேரு எதையும் இங்கே போடாதீங்க. கிடைக்காரர் எந்தப் பக்கத்து ஆள், எவ்வளவு வாங்கினாங்க, கடைசியா எப்பப் பேசினான், இந்த மூணையும் கேட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்க. நாளைக்குக் காலையில நான் காரைக்குடியிலதான் இருக்கேன்.